வில்லாவின் கட்டைவிரல்

நாடீன் ப்ரூக்கரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒருவரை நம்பிவிட்டால் நம்பினதுதான். அதற்கப்புறம் அந்த ஆளிடம் ஒரு கேள்வி கேட்க மாட்டாள். மற்றபடி கேள்வி கேட்பதில் அவளை மிஞ்ச டன்மோர் ஊரில் ஆள் கிடையாது. பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறவர்களிடம், "பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? வீட்டை வித்துட்டீங்களாமே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வாய்க்குள் குழாயும் கொக்கியுமாக இருக்க, அவர்கள் என்ன பதில் சொல்ல முடியும்? ஊங்காரம்தான். அந்த ஊங்காரத்திலிருந்தே பாதி ஊர்க் கதையைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வருவாள்.

அவள் பிறந்தது மலைக்கு அந்தப் பக்கம், மரம் அறுக்கும் ஆலை இருந்த ஊரில். ஆலையை மூடினதும் அப்பா வேலை தேடி அலைந்தார். நாடீன் பத்து வயதுக்குள் நாலைந்து பள்ளிக்கூடம் மாறினாள். எங்கே போனாலும் புதுப்பிள்ளை, எங்கே போனாலும் சாப்பாட்டு நேரத்தில் தனியாக ஒரு மேசை. "என் புள்ளைக்கு அந்த மேசை கிடையாது" என்று வயிற்றில் டோபி இருக்கும்போதே கெண்டிடம் சொன்னவள் அவள். கெண்ட் அவள் புருஷன், வீடுகளுக்கு ஹீட்டர் மாட்டுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அதிகம் பேச மாட்டான். அவள் பேசுவதே இரண்டு பேருக்குப் போதும் என்று விட்டுவிட்டான்.

ஆல்டர் ஹில் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்ததே இந்த மாதிரிப் பெற்றோர்கள்தான். பேரிக்காய்த் தோட்டங்களுக்கு நடுவில் சும்மா கிடந்த ஒரு பழைய சர்ச் கூடத்தைப் பிடித்து, சனிக்கிழமை தோறும் ஆளுக்கு ஒரு வேலை செய்தார்கள். கழிவறைக்கு டைல்ஸ் ஒட்டியது நாடீன், அதுவும் எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு. அவள் பக்கத்தில் மண்டிபோட்டு சிமென்ட் குழைத்துக் கொடுத்தவள் வில்லா ஹார்க்னெஸ். அவளுக்கும் அப்போது வயிறு தள்ளியிருந்தது. இரண்டு கர்ப்பிணிகள் ஒரு கழிவறைக்குள் மாட்டிக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்தவர்கள் பயந்து ஓடிவந்தார்களாம். அன்றைக்குப் பிடித்த சிநேகம். நாடீனுக்கு டோபி பிறந்தான், வில்லாவுக்கு ஜூனிப்பர் பிறந்தாள். வில்லாவின் புருஷன் பாதியில் அவளை விட்டுப் போனபோது, ஒரு மாதம் அவளும் குழந்தையும் இருந்தது நாடீன் வீட்டில்தான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. ஓட்டு என்றால் தோற்றவன் மனம் நோகுமாம். அதனால் கட்டைவிரல். மேலே காட்டினால் சம்மதம். பக்கவாட்டில் காட்டினால் "பிடிக்கவில்லை, ஆனால் குறுக்கே நிற்க மாட்டேன்" என்று அர்த்தம். கீழே காட்டினால் தடை. ஒரே ஒருத்தர் கீழே காட்டினாலும் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. இந்த விதி வேண்டும் என்று ஆரம்பத்தில் மல்லுக்கு நின்றவளே நாடீன்தான். "ஒருத்தர் மனசு நோகாம எல்லாரும் சேர்ந்து போகணும்" என்று உருகி உருகிப் பேசினாள். நல்ல மனசுக்காரர்கள் போடுகிற விதி இருக்கிறதே, அதைப் போல ஆபத்து வேறொன்றும் இல்லை.

டோபிக்கு ஐந்து வயதாகும்போது காலெல்லாம் காரணமில்லாமல் நீலம் பாரித்தது. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அன்றைக்கு நாடீனையும் பிள்ளையையும் காரில் ஏற்றி, பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனது வில்லா. அவ்வளவோடு விட்டாளா? எங்கள் பக்கத்து வழக்கப்படி சாப்பாட்டு முறை வைத்தாள். இன்றைக்கு இன்னார் வீடு, நாளைக்கு இன்னார் வீடு என்று ஊரையே முறை போட்டு, நாடீன் வீட்டு முன்படியில் ஒரு ஐஸ் பெட்டியை வைத்துவிட்டாள். கதவைத் தட்டித் தொந்தரவு செய்யாமல் சமைத்ததை அதில் வைத்துவிட்டுப் போவார்கள். பத்தில் எட்டுப் பேர் பாலாடைக்கட்டி அடுக்கின லசான்யாதான் கொண்டு வந்தார்கள். "இன்னொரு தடவை அந்தப் பாலாடைக்கட்டியைப் பார்த்தேன்னா நான் ஓடியே போயிடுவேன்" என்று கெண்ட் சொல்கிற அளவுக்கு லசான்யா.

டோபியின் தலைமுடி தலையணையில் கொத்துக் கொத்தாக உதிர ஆரம்பித்த வாரம், வில்லா முடிவெட்டுகிற மெஷினைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். இடுப்பு வரைக்கும் கூந்தல் அவளுக்கு. நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறவள், அந்தக் கூந்தலில் எப்போதும் ஒரு இலையாவது ஒட்டியிருக்கும். சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, "டோபி, வாடா, எனக்கு நீயே வழிச்சுவிடு. நல்லா வழிக்கணும், காசு தரமாட்டேன்" என்றாள். பிள்ளை நாற்காலி மேல் ஏறி நின்று நடுமண்டையில் ஒரு பாதை போட்டான். போட்டதும் சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவன் சிரித்தது அன்றைக்குத்தான். நாடீன் குளியலறைக்குள் போய்த் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன செய்தேன் என்று அழுதாள்.

டோபிக்கு ஏற்றின புற்றுநோய் மருந்து நோயை மட்டுமா தின்னும்? சின்ன வயதில் போட்டிருந்த தடுப்பூசிகளின் பலனையும் சேர்த்துத் தின்றுவிட்டது. தட்டம்மை வந்தால் பிள்ளையைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிகிச்சை முடிந்து சில மாதம் ஆகும்வரை மறுபடி அந்த ஊசியைப் போடவும் கூடாது. அதனால் டோபிக்கு வீடுதான் உலகம். பள்ளிக்கூடம் கிடையாது, பிறந்தநாள் விருந்து கிடையாது. ஜூனிப்பர் மட்டும் சனிக்கிழமைகளில் வருவாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காலுறை மாற்றி, முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவாள். இரண்டும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு ரயில் தண்டவாளம் போடும். அந்தச் சனிக்கிழமைக்காக டோபி வாரமெல்லாம் மருந்தை முழுங்கினான்.

மற்றப் பிள்ளைகளை நாடீன் விடவில்லை. ஒரு தடவை டர்க் வாண்டர்லான், ஆல்டர் ஹில்லில் படிக்கும் தன் இரண்டு பையன்களோடு டோபிக்குப் பிறந்தநாள் பரிசு கொண்டுவந்தார். ஆடு வளர்க்கிறவர், முரட்டு ஆள். தன் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று அரசாங்கத்திடம் விலக்கு வாங்கிக்கொண்டவர். அதை மறைக்கிற வழக்கமும் அவருக்குக் கிடையாது.

"பசங்களுக்கு ஊசி போட்டாச்சா டர்க்?" என்று படியிலேயே நிறுத்திக் கேட்டாள் நாடீன்.

"இல்ல. உங்களுக்குத்தான் தெரியுமே."

"அப்போ மன்னிச்சுக்குங்க. உள்ள விட முடியாது."

டர்க் முகம் சிவந்தது. பரிசைப் படியில் வைத்துவிட்டுப் பையன்களை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நாடீன் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். வில்லா சமையலறையில் ஜூனிப்பருக்கும் டோபிக்கும் சீஸ் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் செஞ்சது சரிதானே?" என்று கேட்டாள் நாடீன்.

"உன் புள்ளையை நீதான் பார்த்துக்கணும்" என்றாள் வில்லா, அடுப்பைப் பார்த்தபடி.

அந்த ஊரில் பிள்ளையை விளையாட அனுப்புவதற்கு முன்னால் என்னவெல்லாமோ கேட்பார்கள். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா, நாய் கடிக்குமா, கடலை சேர்த்த தின்பண்டம் உண்டா. அதற்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் சம்பளம் எவ்வளவு, யாருக்கு ஓட்டு, பிள்ளைக்கு என்னென்ன ஊசி என்று நெருங்கின சிநேகிதத்தில் கேட்க மாட்டார்கள். டர்க்கைப் போல வெளியே சொல்லித் திரிகிறவரிடம் நாடீன் கேட்டாள். வில்லாவிடம் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் தலையை மொட்டையடித்துக்கொண்டவளிடம் போய் யாராவது கேட்பார்களா?

இரண்டு வருஷம் இப்படிப் போனது. போன வசந்தத்தில் டாக்டர் நல்ல சேதி சொன்னார். ரத்தத்தில் நோய் தெரியவில்லை. இன்னும் மாத்திரை இருக்கிறது, ஆனால் செப்டம்பரில் டோபி பள்ளிக்கூடம் போகலாம். ஒரு நிபந்தனை: கூட உட்காரும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஊசி போட்டிருக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து மாவட்டத்தில் தட்டம்மை என்று சேதி வந்தது. நாடீன் உடனே தலைமை ஆசிரியை ஃபெர்னிடம் போய் நின்றாள். ஃபெர்ன் நியாயமான மனுஷி. "மாநிலம் விலக்குக் கொடுத்தா கொடுத்துட்டுப் போகட்டும், நாடீன். இது நம்ம பள்ளிக்கூடம். டாக்டர் வேணாம்னு சொன்ன பிள்ளைகளைத் தவிர மத்தவங்களுக்கு விலக்கு இல்லேன்னு நாமளே ஒரு விதி போட்டுக்கலாம். ஆனா எல்லாரும் ஒத்துக்கணும். யாருக்குப் போடலன்னு நான் வெளிய சொல்லவும் கூடாது" என்றாள்.

அன்றைக்கே நாடீன் வில்லாவுக்கு ஃபோன் போட்டாள். "டர்க் கவுத்துடுவாருடி. எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

வில்லா, "கூட்டம் வேணுமா நாடீன்? இன்னும் ஒரு வருஷம் வீட்லயே இருக்கட்டுமே. ஜூனிப்பர் வந்துக்கிட்டுத்தானே இருக்கா" என்றாள்.

"ஒரு வருஷமா? அவன் ஜன்னல்ல மூக்கை ஒட்டிக்கிட்டு ஸ்கூல் வண்டியைப் பார்க்கறதை நீ பார்த்ததில்லையா?"

"பார்த்திருக்கேன்."

"அப்போ வந்து என் பக்கத்துல உக்காரு. எனக்கு அது போதும்."

வந்தாள். உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடத்தில் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். டோபியைப் பார்த்துக்கொள்ளக் கெண்ட் வீட்டிலேயே இருந்துவிட்டான். மரத்தில் செதுக்கின ஒரு மீன் கைமாறி வரும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். ஆனால் டர்க் வாயைத் திறந்தால் மீனாவது மண்ணாவது.

"என் புள்ளைங்க உடம்புக்குள்ள என்ன போகணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்று ஆரம்பித்தார் டர்க். "கவர்மென்ட் ஸ்கூல்ல ஆயிரத்தெட்டு விதின்னுதானே இங்க வந்தோம்? இங்கயும் அதே கதைன்னா நான் எதுக்கு ஃபீஸ் கட்டணும்?"

"ஃபீஸா! பாதிக்கு ஸ்கூலைச் சுத்தி வேலி அடிச்சுத்தானே கழிச்சீங்க?" என்று யாரோ சொன்னார்கள். கூடம் சிரித்தது.

"அந்த வேலி இல்லேன்னா மானுங்க உங்க தோட்டத்தோட உங்களையும் சேர்த்துத் தின்னுருக்கும்" என்றார் டர்க்.

நர்ஸ் வேலை பார்க்கும் யோலாண்டா மீனை வாங்கிக்கொண்டாள். "டர்க், கண்காட்சிக்கு ஆட்டைக் கொண்டுபோகும்போது ஊசி போட்டுத்தானே கொண்டுபோறீங்க?"

"ஆமா."

"ஆட்டுக்கு ஒரு நியாயம், புள்ளைக்கு ஒரு நியாயமா?"

"ஆடு பெரிசாயி வந்து என்கிட்ட கணக்குக் கேக்காது."

சிரிப்பு அடங்கினதும் யோலாண்டா சொன்னாள்: "நான் கிண்டலுக்குச் சொல்லல. தட்டம்மை இருக்கற புள்ளை ஒரு ரூமை விட்டுப் போனாலும் ரெண்டு மணி நேரம் அந்தக் காத்துல கிருமி இருக்கும். டோபி கையைக் கழுவிப் பிரயோஜனமில்ல."

ஒல்லியாக ஒரு அம்மா, பள்ளிக்கூடத்துக்குப் புதிசு, எழுந்தாள். "எனக்கும் பயம்தான். எதைப் படிச்சாலும் இன்னும் பயமாயிடுது. அதனால ஊசியைத் தள்ளித் தள்ளிப் போட்டுட்டேன். போடமாட்டேன்னு இல்ல" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

மீன் நாடீனிடம் வந்தது. ராத்திரியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"நான் சண்டை போட வரல" என்றாள். "டோபிக்கு அந்த ஊசியைப் போட முடியாது. போட முடிஞ்சா நான் யார் முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன். அவனுக்குப் பதிலா உங்க புள்ளைங்க போட்டுக்கணும்னு கேக்கறேன். இப்படிக் கேக்க வெக்கமாத்தான் இருக்கு. அவனுக்கு இந்த ஸ்கூல் கதவு எந்தக் கலர்னு மறந்துபோச்சு. செப்டம்பர்ல அவன் இதுக்குள்ள வரணும். அவ்வளவுதான்."

வில்லாவின் கை நாடீனின் முழங்காலில் இருந்தது. அழுத்திப் பிடித்திருந்தாள்.

ஃபெர்ன் எழுந்தாள். "சரி, விரலைக் காட்டுங்க."

ஒவ்வொன்றாக மேலே வந்தன. யோலாண்டா, அந்தப் புது அம்மா, அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர். எல்லோர் கண்ணும் டர்க்கின் மேல். டர்க் தன் பெரிய கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூக்கினார். விரல் பக்கவாட்டில் இருந்தது.

"எனக்கு இது பிடிக்கல. நாளைக்கும் பிடிக்காது" என்றார். "ஆனா அந்தப் பையனுக்குக் குறுக்க நான் நிக்கமாட்டேன். என் பசங்களை வீட்ல வெச்சுப் படிக்கவெச்சுக்கறேன். வேலியை நீங்களே வெச்சுக்குங்க."

நாடீன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். கையை எடுத்தபோது யாரும் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினாள். அவள் முழங்காலில் இருந்த கை இப்போது அங்கே இல்லை. வில்லாவின் கட்டைவிரல் கீழே பார்த்திருந்தது.

"விரலைத் தப்பாக் காட்டறே வில்லா" என்றாள் நாடீன். சிரித்துக்கொண்டே சொன்னாள், பாவி. தோழிக்குக் கை தடுமாறிவிட்டது என்றே நினைத்தாள்.

"இல்ல" என்றாள் வில்லா. யாரோ அந்த மீனை அவள் கையில் கொடுத்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஜூனிப்பருக்குப் போடல. ஒண்ணுமே போட்டதில்ல. பொறந்ததுலேர்ந்து."

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்கிறோமே, அதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அறுபட்டவளுக்கு அந்த நிமிஷம் வலி தெரியாது. நாடீனுக்கு முதலில் ஞாபகம் வந்தது ரயில் தண்டவாளம்தான். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, தலையோடு தலை முட்ட இரண்டு பிள்ளைகள். எத்தனை சனிக்கிழமை!

டர்க்தான் முதலில் வாயைத் திறந்தார். "என் பசங்களைப் படியோட நிறுத்தினாங்களே, அன்னிக்கு நீங்க உள்ளதானே இருந்தீங்க?" என்று வில்லாவைப் பார்த்துக் கேட்டார். வில்லா மீனை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். ஃபெர்ன், "கீழ் விரல் இருக்கறதால இந்த விதி நிக்காது" என்று மெல்ல ஒருமுறை சொன்னாள். அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

வெளியே கார்கள் நிறுத்துமிடத்தில் நாடீன் வில்லாவைப் பிடித்தாள்.

"என்னடி பண்ணிட்டே?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன்."

"எப்போ? அவனைப் பொதைச்சப்புறமா?"

"அப்படிச் சொல்லாதே. ஒரு சளி இருமல்னாக்கூட நான் அவளைக் கூட்டிட்டு வந்ததில்ல. ஒரு நாள் கூட."

"தட்டம்மை சொல்லிட்டா வரும்? உடம்புல தெரியறதுக்கு முன்னாடியே ஒட்டிக்கும்னு உனக்குத் தெரியாது? ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னப்ப நீதானேடி என் பக்கத்துல உக்காந்து தலையாட்டினே!"

"என் தம்பிக்கு ஊசி போட்ட அன்னிக்குச் சாயங்காலம் வலிப்பு வந்துச்சு. எனக்கு அப்போ ஏழு வயசு. என் கண்ணு முன்னாடி வெட்டி வெட்டி இழுத்துச்சு. ரெண்டுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டருங்க சொன்னாங்க. புத்திக்குத் தெரியுது. ஆனா கை வரமாட்டேங்குது. டோபிக்காக ரெண்டு தடவை ஜூனிப்பரைக் கிளினிக் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன். காரைவிட்டு எறங்க முடியல."

"உனக்கொரு தம்பி இருக்கான்னே எனக்குத் தெரியாது" என்றாள் நாடீன். அது அவளுக்கு ஏனோ மற்றதைவிட அதிகமாக வலித்தது. "ஒரு மாசம் என் வீட்ல படுத்திருந்தே. உன் புருஷன் குறட்டை விடுறது வரைக்கும் சொன்னே. இதைச் சொல்லல."

"சொன்னா நீ கதவைச் சாத்திருப்பே."

"சாத்தித்தான் இருப்பேன்! டர்க்குக்குச் சாத்தினேன்ல? அந்த மனுஷன் நேரா நின்னு இல்லைன்னு சொன்னாரு, அவரைத் திருப்பி அனுப்பிட்டு உன்னை உக்காரவெச்சுச் சோறு போட்டேன். தலையை மொட்டையடிச்சுக்கிட்டியேடி! யாருடி கேட்டா உன் முடியை?"

"முடி என்னோடது" என்றாள் வில்லா. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "என் உடம்புல எதை வேணா கேளு, இப்பவே தரேன். கிட்னியைக் கேளு, தரேன். அவ உடம்புல ஊசி குத்தக் கேக்காதே. என்னால முடியாது."

"என் புள்ளை உயிரை வெச்சு முடியுமா?"

நாடீன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். வழியெல்லாம் பேரிக்காய் மரங்கள் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. கெண்டிடம் சொல்ல வேண்டும், கெண்டின் தோளில் விழுந்து ஓவென்று அழ வேண்டும் என்ற ஒரே நினைப்பில் ஓட்டினாள்.

கெண்ட் சமையலறையில் மக்ரோனி கிண்டிக்கொண்டிருந்தான். நாடீன் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். விரல், மீன், டர்க், ஜூனிப்பர், ஒண்ணுமே போட்டதில்ல. கெண்ட் அடுப்பை அணைத்தான்.

"எல்லார் முன்னாடியுமா சொன்னா?" என்றான்.

நாடீன் பேச்சை நிறுத்தினாள். அவன் முகத்தையே பார்த்தாள். பதினோரு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவளுக்கு ஒரு முகம் புரியாதா? அதிர்ச்சி இருந்தது, ஆனால் அது இந்தச் சேதிக்கான அதிர்ச்சி இல்லை.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

கெண்ட் கரண்டியைக் கீழே வைத்தான்.

"கெண்ட். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"போன வருஷம். நாடீன், உக்காரு. சொல்றதைக் கேளு. நீ அப்போ எப்படி இருந்தேன்னு உனக்கே தெரியாது. சாப்பிடல, குளிக்கல. அவ வந்தாத்தான் எழுந்து தலைவாரினே. நான் லீவு போட்டா வேலை போயிடும், வேலை போனா இன்ஷூரன்ஸ் போயிடும், இன்ஷூரன்ஸ் போனா அவன் மருந்துக்கு எங்க போறது? நான் வேலைக்குப் போனா உன்கூட யாரு இருப்பா? வில்லாவையும் துரத்திட்டா இந்த வீட்டுக்குள்ள யாரு வருவா?"

"அதனால என் புள்ளையைப் பணயம் வெச்சே."

"நம்ம புள்ளை."

"நம்ம புள்ளைன்னா என்கிட்ட சொல்லிருப்பே!" அவள் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "ஊருக்கெல்லாம் கதவைச் சாத்திட்டு, நான் வாசல்ல போலீஸ்காரி மாதிரி நின்னுட்டிருந்தேன். உள்ள உக்காந்து நீங்க ரெண்டு பேரும் என்னை வேடிக்கை பாத்துட்டிருந்தீங்களா? அவளே வந்து உன்கிட்ட சொன்னாளா? என்கிட்ட சொல்லாததை உன்கிட்ட சொன்னாளா?"

"அவ சொல்லல."

"அப்புறம் யாரு?"

நடையில் காலடிச் சத்தம் கேட்டது. டோபி நின்றுகொண்டிருந்தான். தலையில் இப்போது முடி திரும்ப முளைத்துச் சுருள் சுருளாக இருந்தது.

"அப்பாவைத் திட்டாதேம்மா" என்றான். "நான்தான் அப்பாகிட்ட சொன்னேன்."

நாடீனுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. "நீயா? உனக்கு எப்படித் தெரியும் கண்ணு?"

"ஜூனிப்பர் சொன்னா. எனக்கு எத்தனை ஊசி போட்டாங்கன்னு நான் காட்டினேனா, அப்போ அவ தனக்கு ஒண்ணு கூடப் போட்டதில்லன்னா. நான் நம்பல. அவ நிஜமாத்தான்னா."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

டோபி சுவரில் விரலால் ஏதோ கிறுக்கினான். "சொன்னா நீ அவளை உள்ள விடமாட்டே. வேற யாரும்மா வர்றா எனக்கு?"

கெண்ட் பிள்ளையின் பக்கம் ஓரடி வைத்தான். நாடீன் கையை நீட்டி அவனைத் தடுத்துவிட்டுப் பிள்ளையின் முன்னால் மண்டிபோட்டாள். பிடித்துக்கொள்ள அந்த வீட்டில் அவளுக்கு மிச்சம் இருந்தது இந்தப் பிள்ளை ஒன்றுதான். தோளைத் தொட்டாள்.

"டோபி, அம்மா எதுக்குப் போனேன்னு தெரியுமா? நீ ஸ்கூலுக்குப் போகணும்னுதான். எல்லாரோடயும் உக்காரணும்னுதான்."

"ஜூனிப்பர் சனிக்கிழமை வருவாளா?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் பொய் சொல்லத் தெரியாதவள் அவள் ஒருத்திதான் என்று தோன்றியது.

"வரமாட்டா கண்ணு."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் அவள் வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். தோளில் இருந்த அவள் கையைத் தள்ளிவிட்டான், மெல்லத்தான் தள்ளினான்.

"ஸ்கூல் வேணும்னு நான் கேட்டேனா?" என்றான். "நீயே போய்க் கூட்டம் போட்டே. நீயே எல்லாரையும் கேட்டே. இப்போ அவளும் இல்ல."

அவளைச் சுற்றிக்கொண்டு போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். கெண்ட் அவன் தலையில் கை வைத்தான். நாடீன் மண்டிபோட்டபடியே இருந்தாள். எழுந்திருக்கலாம்தான், ஆனால் எழுந்து எந்தப் பக்கம் போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.